இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த டீச்சர்

நர்ஸிங் கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களில் நாலைந்து பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நின்றது. ஆய்வுக் குழு வரப்போகிறது, சேர்த்திருக்கிற மாணவர்களுக்கு ஆசிரியர் போதவில்லை, வேறு ஊரில் வேலை பார்க்கும் இரண்டு பேரை ஒரு நாளைக்கு மட்டும் வரவழைத்து உட்கார வைக்கப் போகிறார்கள், அந்தப் பட்டியலில் உங்களையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்றீர்கள். "நீங்க எங்க இடத்துல இருந்தா என்ன செய்திருப்பீங்க மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் காப்பி கலக்கப் போகிறவள் மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். அங்கே என்ன செய்தேன் என்பதும் நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. நம் ஜில்லா அப்போது ஜில்லாவே இல்லை. திருவனந்தபுரத்து ஆட்சிக்குக் கீழே நாலு தாலுகாவாகக் கிடந்தோம். கல்குளம் தாலுகாவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது, அதை ஒட்டி ஒரு நர்ஸ் பயிற்சிப் பள்ளி. பெயரைக் கேட்காதீர்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு பேர் வீதம் மூன்று வருடத்துக்கு முப்பத்தாறு பெண்கள் படித்தார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க இருந்தது இரண்டே பேர். ஒருவர் மேட்ரன். அவருக்கு ஆஸ்பத்திரியையே நடத்த வேண்டிய வேலை. மற்றவள் நான், இருபத்தாறு வயது, எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சராவது வேண்டும், அதாவது எங்களுக்கு நாலு பேர், என்று அங்கீகாரம் கொடுக்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கு எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. முப்பத்தாறு பேரை ஒரே அறையில் உட்கார வைத்து எலும்புகளின் பெயரைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் போதுமே என்று வாதாடியிருக்கிறேன். அறையில் போதும்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் போதாது. ஒரு பெண் முதல் தடவையாக ஊசியைக் கையில் எடுக்கும்போது அவள் விரலையே பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்க வேண்டும். நான் ஒரு வார்டில் நிற்கும்போது மற்ற மூன்று வார்டுகளில் பிள்ளைகள் தாங்களாகவே ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம், அதை நான் என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் திருவனந்தபுரத்திலிருந்து கடிதம் வந்தது. பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஓர் அம்மாள் வந்து பார்ப்பார், ஆசிரியர் பட்டியல் தயாராக இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. ஆஸ்பத்திரிக் கமிட்டியார் கூடிப் பேசினார்கள். டீச்சர் எண்ணிக்கை சரியாக இல்லையென்றால் பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம், முதல் வருடப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஐந்து மாதம்தானே ஆகிறது, மூன்றாம் வருடத்தார் எப்படியும் ஆறு மாதத்தில் போய்விடுவார்கள், இவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று முடிவு செய்தார்கள். அவர்களுக்கு அது கழித்தல் கணக்கு. எனக்கு அந்தப் பன்னிரண்டு பேரின் முகமும் தெரியும்.

அதில் ஒருத்தி பிலோமினா. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். அவள் ஊர்க் கரையிலிருந்து நர்ஸ் படிப்புக்கு வந்த முதல் ஆள். அப்பா வள்ளக்காரர், கடலில் மீன் பிடிக்கிறவர். பெண்பிள்ளை கண்ட ஆண்களைத் தொட்டுத் துடைக்கிற வேலைக்குப் போவதா என்று ஒரு மாதம் அவளோடு பேசவில்லையாம். பங்குச் சாமியார் நாலு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசிய பிறகுதான் அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்தால் மறுநாளே அடுத்த கரை ஊரில் கல்யாணம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் கேள்வி கேட்டே என்னைக் கொன்றுவிடுவாள். எனக்கு எரிச்சலாகவும் வரும், பிடிக்கவும் செய்யும்.

யோசனை என்னுடையது. இதை மேட்ரன் தலையில் போடக் கூடாது. இன்ஸ்பெக்‌ஷன் நாளுக்கு டீச்சர்களை இரவல் வாங்குவது அப்போதே பல இடங்களில் நடந்துவந்த வழக்கம். படித்து முடித்துக் கல்யாணமாகிப் போனவர்கள், விடுமுறையில் இருக்கிறவர்கள் என்று இரண்டு பேரைப் பிடித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டு, பட்டியலில் பெயரை ஏற்றிவிடுவார்கள். மாலையில் ஆப்பமும் சாயாவும் கொடுத்து பஸ் ஏற்றி விடுவார்கள். நான் போய் மேட்ரனிடம் சொன்னேன்.

"இது வேண்டாம் எஸ்தரு. எனக்க மனசு ஒப்பல்ல."

"எல்லா எடத்துலயும் இதுதான் மேட்ரனம்மா. ஒரு நாளுதானே. இல்லேன்னா அந்தப் பன்னெண்டு பிள்ளைகளயும் நீங்களே கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வயதில் மூத்தவரை வாயடைக்கிற சாமர்த்தியம் எனக்கு நிறைய இருந்தது.

இரவலாக வந்தவர்களில் ஒருவர் ஞானசௌந்தரி. எனக்கு மூன்று வருடம் மூத்தவர், நான் படிக்கும்போது சீனியர். ஞானக்கா என்றுதான் கூப்பிடுவேன். படிப்பு முடிந்த கையோடு கல்யாணமாகிக் களியக்காவிளைக்குப் போய்விட்டார். கணவருக்கு அங்கே பலசரக்குக் கடை. ஒன்பது வருடமாக அவர் கையில் தராசுதான் இருந்தது. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இரண்டு வருடமாகப் பணியில் இருக்கிறார் என்று என் கையாலேயே எழுதினேன். நல்ல கையெழுத்து என்று அப்போதெல்லாம் எல்லாரும் சொல்வார்கள்.

காலை ஏழு மணிக்கு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஏட்டி எஸ்தரு, ஊசியத் தொட்டு ஒம்பது வருசமாச்சு. எனக்குக் கையி வெறைக்கி. வார்டுக்குள்ள மட்டும் என்னை விட்டுராத, கேட்டியா?"

"கிளாசுல நின்னு ரெண்டு வார்த்தை பேசினா மதி, அது போதும் ஞானக்கா. வார்டுக்கெல்லாம் நீங்க போவாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அந்த அம்மாள் ஒன்பது மணிக்கு வந்தார். ஒல்லியான உருவம், மெதுவான பேச்சு, எதையும் இரண்டு தடவை பார்க்கிற கண். பேசியது மலையாளம், எங்களுக்கு அது வீட்டு மொழி மாதிரி, நான் தமிழிலேயே எழுதுகிறேன். வகுப்பறையில் ஞானக்கா காய்ச்சல் நோயாளிக்கு உடம்பு துடைப்பதைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். இரவலாக வந்த இன்னொருவர் தலைவலி என்று சொல்லி ஹாஸ்டலில் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் புத்திசாலி. பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள், "வார்டைப் பார்க்கலாமா?" என்றார்.

ஆண்கள் வார்டில் தரை கழுவி விட்டிருந்தது. வருகிறவர் கண்ணில் அழுக்குப் படக் கூடாது என்று நோயாளிகளின் காலைச் சாப்பாட்டையே தள்ளி வைத்திருந்தோம். அதுவும் என் உத்தரவு. மூன்றாவது கட்டிலில் ஒரு கருப்பட்டி வியாபாரி சர்க்கரை நோய்க்குப் படுத்திருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய இன்சுலின் இன்னும் போடவில்லை.

"நாடு முழுக்கக் கருப்பட்டி வித்தவனுக்குச் சர்க்கரை நோயாக்கும்," என்று அவர் வந்தவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "சீக்கிரம் குத்திட்டுக் கஞ்சியக் குடுங்க அம்மோ. கண்ணு ரெண்டும் பஞ்சடைக்கி."

அந்த அம்மாள் ஞானக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களே போடுங்க டீச்சர். முதல் வருடப் பிள்ளைகள் சுற்றி நிற்கட்டும். எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீங்க என்று பார்க்கிறேன்."

ஞானக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேறு யாராவது போடட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் காலத்து இன்சுலின் ஊசியைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருந்து வேறு வேறு வலுவில் வந்தது. ஊசிக் குழலில் இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கும், ஒரு பக்கம் இருபது வலு மருந்துக்கு, மறுபக்கம் நாற்பது வலு மருந்துக்கு. ஞானக்கா படித்த காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் இருபதுதான் இருந்தது. இப்போது புட்டியில் இருந்தது நாற்பது. அவர் கைக்குப் பழகிய பக்கத்தைப் பார்த்து ஏற்றினார். அரைக் குழல் போதும் என்கிற இடத்தில் முழுக் குழல் ஏறிவிட்டது. அதாவது இரண்டு பங்கு மருந்து, அதுவும் காலையிலிருந்து பட்டினி கிடக்கிற உடம்புக்கு. கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டி மயங்கிவிடுவார். கவனிக்காமல் விட்டால் எழுந்திருக்கவே மாட்டார்.

நான் பார்த்துவிட்டேன். எனக்கு முன்னால் பிலோமினா பார்த்துவிட்டாள். அந்த ஊசியைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அதே வாரம்தான்.

"டீச்சர், அது நாப்பது மருந்தாக்கும். பாதி மதி."

ஞானக்காவுக்கு முகம் வேர்த்தது. தப்பு என்று ஒத்துக்கொண்டால் தன்னை வரவழைத்த எங்களுக்கு ஆபத்து என்று பயந்திருக்கிறார். பின்னால் அவரே சொன்னார்.

"சும்மா நில்லுட்டி. எனக்குத் தெரியும்," என்றார்.

பிலோமினா என்னைப் பார்த்தாள். வந்தவர்கள் முன்னால் டீச்சர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று முந்தின நாள் அத்தனை பேரையும் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அவள் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி எழுதுவதுதான் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போனது. ஞானக்கா பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அந்த மனிதரின் கையைத் துடைக்க ஆரம்பித்தார். பயத்தில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் முழுவதும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தட்டைத் தட்டி விடலாமா? டாக்டர் கூப்பிடுகிறார் என்று சொல்லலாமா? குத்தி முடித்துவிட்டு வந்தவர் அந்தப் பக்கம் போனதும் வியாபாரிக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாமா? கடைசியாகச் சொன்னதைக்கூட நான் யோசித்தேன். ஒரு நர்ஸ், ஆளைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டுப் பட்டியலைக் காப்பாற்ற வழி தேடிக்கொண்டிருந்தாள். எத்தனை நொடி என்று தெரியாது. இத்தனை வருடம் கழித்தும் அந்த நேரம் எனக்குக் கசக்கிறது.

ஊசி முனை தோலுக்குப் பக்கத்தில் வந்ததும் நான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"நிறுத்துங்க."

"என்ன?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"மருந்து இரண்டு பங்கு ஏறியிருக்கு."

அவர் குழலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். புட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இந்த டீச்சர் இங்கே எத்தனை நாளாக வேலை பார்க்கிறாங்க?"

அப்போதும் தப்பிக்க வழி இருந்தது. இரண்டு வருடம் என்று பட்டியலில் உள்ளதையே சொல்லிவிட்டால் பள்ளிக்கூடம் பிழைத்துப் போகலாம். ஞானக்கா மட்டும், இரண்டு வருடமாக டீச்சராக இருந்தும் இன்சுலின் அளக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்து நிற்பார். என்னை நம்பி பஸ் ஏறி வந்தவர். அவர் கை இன்னும் என் பிடியில் இருந்தது.

"இன்னைக்குக் காலையில ஏழு மணியில இருந்து," என்றேன்.

வியாபாரிதான் முதலில் பேசினார். "அதெல்லாம் இருக்கட்டும் மக்கா. எனக்குக் குத்துகது யாரு? பசிக்கி."

அந்த அம்மாள் பிலோமினாவைக் கூப்பிட்டு மருந்தை ஏற்றச் சொன்னார். அவள் சரியாகப் பாதிக் குழல் ஏற்றினாள். நான் வாங்கிப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் அவருக்குக் கஞ்சி வந்தது.

அலுவலக அறையில் மேட்ரன் உட்காரவே இல்லை. "பட்டியல்ல கையெழுத்து எனக்கது. என்ன எழுதணுமோ எனக்கப் பேருல எழுதுங்க. பிள்ளைகளுக்க பேருல எழுதாதீங்க," என்றார். யோசனை என்னுடையது என்று நான் குறுக்கே புகுந்தேன். "நீ சும்மா இரி," என்று அவர் என்னை அதட்டியது அந்த ஒரு தடவைதான்.

அந்த அம்மாள் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "ஒரே முகத்தை நான் இரண்டு பள்ளிக்கூடங்களில் இரண்டு பெயரில் பார்த்திருக்கேன். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாங்க. ஒரு நோயாளிக்காக யாரும் உண்மையைச் சொல்லி இதற்கு முன் நான் பார்த்ததில்லை." பாராட்டுகிறாரோ என்று நிமிர்ந்தேன். அப்படியெல்லாம் இல்லை. "அதனால் மூடச் சொல்லி எழுதவில்லை. ஆறு மாதம் தருகிறேன். சொல்லாமல் வருவேன். அதுவரை புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. அப்போதும் இரண்டு பேர்தான் இருப்பீங்க என்றால் முதல் வருடப் பன்னிரண்டு பேரையும் அனுப்பிவிடுங்க. ஐந்து மாதம் மட்டும் படித்த அந்தப் பெண் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்க."

ஞானக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மத்தியான பஸ்ஸில் போய்விட்டார். சேலையை மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கக் களியக்காவிளைக்குப் போனேன். சந்தை நாள் இல்லை என்றாலும் கடையில் கூட்டம். அவர் என்னைப் பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை. ஒருவருக்கு மிளகு நிறுத்துக் கட்டிக் கொடுத்தார், இன்னொருவருக்கு மல்லி. நான் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். கூட்டம் குறைந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ எனக்க கையப் பிடிச்சது சரியாக்கும். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. என்னைக் கூப்பிட்டதுதான் சரியில்ல. உனக்கு ஆளு வேண்டாம். ஒரு பேரு வேணும், ஒரு சேலைக்குள்ள நிக்க ஒரு உடம்பு வேணும். எனக்கு என்ன தெரியும், என்ன மறந்து போச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கணவர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, சாயா வரவழைத்துக் கொடுத்துவிட்டு நைசாகப் பின்கட்டுக்கு நழுவினார்.

அங்கே உட்கார்ந்துதான் பிள்ளைகள் விஷயத்தைச் சொன்னேன். ஆறு மாதக் கெடுவைச் சொன்னேன். பிலோமினாவைப் பற்றிச் சொன்னேன். "அன்னைக்குப் பாதி மதின்னு சொன்ன பிள்ளையா?" என்று மட்டும் கேட்டார். நான் எதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை, நம்புவீர்களோ மாட்டீர்களோ. டீச்சராக வா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஆள் தேடினோம். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோம். படித்த நர்ஸுகள் மதராஸுக்கும் கொழும்புக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கு யார் வருவார்கள்? ஒரே ஒரு அம்மாள் வந்தார். தங்கும் அறையைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஹாஸ்டலில் முதல் வருடப் பிள்ளைகள் துணிமணிகளைத் தகரப் பெட்டிக்குள்ளேயே வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் எதையும் வைப்பதில்லை. எந்த நாளும் போகச் சொல்வார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் யாரும் சொல்லவில்லை, ஆனால் முப்பத்தாறு பெண்கள் இருக்கிற இடத்தில் எது மறைந்திருக்கும்?

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஞானக்கா வந்து இறங்கினார். கையில் சாப்பாட்டு அடுக்கும் ஒரு நோட்டும்.

"டீச்சரா வரல்ல," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "படிக்க வந்திருக்கேன். பிள்ளைகளுக்க பெஞ்சுல இரிப்பேன். எனக்கு எல்லாம் மனசிலானதுக்குப் பெறகு நீயே சொல்லு, அப்போ பாப்போம்."

"கடை?"

"மல்லியும் மிளகும் அவரு நிறுக்கட்டும். ஒம்பது வருசம் நான் நிறுத்தாச்சு."

முப்பது வயதுக்காரி பதினெட்டு வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் படித்து முடித்த பிறகு வந்த மருந்துகள், புது ஊசிகள், இரத்தம் ஏற்றுகிற முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிக்கொண்டார். இன்சுலின் குழலைப் பிலோமினாவிடம்தான் படித்தார். சொல்லிக்கொடு என்று அவர் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஒரு மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது கரைக்காரப் பெண் கெட்டியான குரலில், "இல்ல அக்கா, கண்ண மூடிட்டுச் சொல்லுங்க பாப்போம், எந்தப் பக்கம்?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். நான் சத்தம் காட்டாமல் வந்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு சின்னப் பொறாமைகூட இருந்தது.

மறந்து போனதை விட மறக்காதது அவரிடம் நிறைய இருந்தது. நோயாளியிடம் பேசுகிற விதம், அழுகிற குழந்தையைத் தூக்குகிற விதம், எரிந்து விழுகிற சொந்தக்காரர்களை வழிக்குக் கொண்டுவருகிற விதம். கடையில் ஒன்பது வருடம் மனிதர்களோடு பேசியது வீண் போகவில்லை. இரண்டு மாதத்தில் மேட்ரன் அவரைப் பெஞ்சிலிருந்து எழுப்பிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். அன்றைய தேதியைப் போட்டுத்தான் நியமன உத்தரவு எழுதினோம்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். அதில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்வது எனக்கு எளிது, பென்ஷன் வாங்குகிறவள். அதனால் இன்னொன்று சொல்கிறேன். அந்த இரண்டு பேரின் பெயரை எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் போய் உண்மையாகவே வேலைக்கு வருகிறீர்களா என்று யாராவது கேட்டார்களா? நாங்கள் கேட்கவில்லை. வரமாட்டார்கள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். உங்கள் தலைவரிடம் இதைக் கேளுங்கள். கோபப்படுவார். அந்தக் கோபத்தைத் தாங்குவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

திருவனந்தபுரத்து அம்மாள் ஐந்தாவது மாதமே வந்துவிட்டார். கார் சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் ஆண்கள் வார்டில் நின்றுகொண்டிருந்தார். தரை கழுவவில்லை. நோயாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை பேர்?" என்று என்னைக் கேட்டார்.

"மூன்று. நாலு வேணும். ஒரு ஆள் குறையுது," என்றேன். பொய் சொன்ன அன்றைக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

அவர் ஞானக்காவை அடையாளம் கண்டுகொண்டார். இன்சுலின் போட வேண்டிய நோயாளி யார் என்று கேட்டு, அந்தக் கட்டிலைக் கையால் காட்டினார். அந்த முறை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் படுத்திருந்தார். முதல் வருடப் பிள்ளைகள் கூடினார்கள். ஞானக்கா புட்டியைப் பார்த்தார், மருந்தை ஏற்றினார். ஊசியைப் போடாமல் பக்கத்தில் நின்ற பிலோமினாவிடம் குழலை நீட்டினார்.

"பாரு. எவ்வளவு?"

"இருபது யூனிட்டு, டீச்சர். நாப்பதுக்க பக்கம் பாத்து."

பிறகுதான் போட்டார்.

"டீச்சர் மாணவியிடம் கேட்கிறதா?" என்றார் அந்த அம்மாள்.

"கேக்காம ஒருக்கா போடப் போனேன் அம்மா. நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

அந்த அம்மாள் சிரித்தார். அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்க்கிறேன்.

அலுவலகத்தில் அவரே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். மூன்றாம் வருடப் பன்னிரண்டு பேர் அடுத்த மாதம் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மீதி இருபத்துநாலு பேர். அதற்கு மூன்று டீச்சர் போதும். நாலாவது ஆள் வந்து சேருகிற வரை புது வகுப்பு எடுக்கக் கூடாது என்று எழுதினார். முதல் வருடப் பிள்ளைகள் தொடரலாம் என்று அதற்குக் கீழே எழுதி, மை காய ஊதினார். மேட்ரன் நாற்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கார் கேட்டைத் தாண்டியதும் ஹாஸ்டலுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று கிளம்பினேன். எனக்கு முன்னால் ஞானக்கா போய்விட்டார். நான் வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டு பேரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியின் காலடியிலும் பூட்டிய பெட்டி. காரைப் பார்த்ததும் அவர்களாகவே கட்டி வைத்துவிட்டார்கள் போல. பிலோமினா அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி, எல்லாரும் பஸ்சுக்கு நிக்கியளா?" என்றார் ஞானக்கா. "பெட்டியத் தொறங்க. துணியெல்லாம் அலமாரியில அடுக்குங்க. நாளைக்கு ஏழு மணிக்கு வார்டு. நான் வாறதுக்கு முந்தி நீங்க அங்க நிக்கணும்."